ஓராண்டுக் கணக்கும் வாழ்நாள் பணியும்: தமிழ்நாட்டின் சமூக மனநல, வளர்ச்சிக் குறைபாட்டுச் சேவைகளில் தொண்டு நிறுவனங்கள்

ஆய்வுச் சுருக்கம்

மனநோயுற்றோரையும் வளர்ச்சிக் குறைபாடுடையோரையும் மருத்துவமனைக்கோ காப்பகத்திற்கோ அனுப்பாமல், அவர்கள் வாழும் ஊரிலேயே சிகிச்சையும் பயிற்சியும் ஆதரவும் கிடைக்கச் செய்வது சமூகம்சார் சேவை எனப்படும். தமிழ்நாட்டில் இச்சேவையின் பெரும்பகுதியை வடிவமைத்தவை தொண்டு நிறுவனங்களே. அவை ஆண்டுதோறும் நிதி பெறுகின்றன. ஆண்டுதோறும் அறிக்கை அளிக்கின்றன. ஆனால் அவை எதிர்கொள்ளும் நிலைகளோ பல்லாண்டு நீடிப்பவை. இந்த முரண்பாட்டை மையமாகக் கொண்டு, இத்தகைய நிறுவனங்களின் ஓராண்டுப் பணி எவ்வாறு அமைகிறது, சட்டங்களும் சொற்களும் அதனை எவ்வாறு பிரிக்கின்றன, அப்பணியை எதனால் அளவிட வேண்டும் என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது. பார்த்தவர்களின் எண்ணிக்கையைவிடத் தொடர்பு அறுபடாதவர்களின் எண்ணிக்கையே இப்பணிக்கு உரிய அளவுகோல் என்பது இதன் கருத்து.

திறவுச்சொற்கள்: சமூக மனநலம், வளர்ச்சிக் குறைபாடு, தொண்டு நிறுவனம், மனச்சிதைவு, ஆரம்பநிலை இடையீடு, களப்பணியாளர், மனநலப் பராமரிப்புச் சட்டம்.

முன்னுரை

தொண்டு நிறுவனங்களின் ஆண்டறிக்கைகள் பெரும்பாலும் ஒரே அமைப்பில் வருபவை. நடத்திய முகாம்கள், பயன்பெற்றோர், வழங்கிய உதவிக் கருவிகள், பயிற்சி பெற்ற பணியாளர்கள் என எண்கள் வரிசைப்படுத்தப்பட்டு, வரவுசெலவுக் கணக்குடன் அறிக்கை நிறைவுறும். கண்புரை அறுவைச் சிகிச்சை முகாம் போன்ற பணிகளுக்கு இவ்வமைப்பு பொருந்தும். அங்குச் செயல் முடிந்ததும் பயன் கிட்டிவிடுகிறது. மனச்சிதைவு நோய்க்கும் அறிவுசார் குறைபாட்டுக்கும் இத்தகைய முடிவுப்புள்ளி இல்லை. மார்ச் 31இல் நிதியாண்டு முடிகிறது. ஏப்ரல் 1 அன்றும் அதே மனிதருக்கு அதே மருந்து வேண்டும், அதே குழந்தைக்கு அதே பயிற்சி வேண்டும். ஆகவே ஓராண்டுப் பணியை விளக்கப் புகுமுன், அப்பணி எந்த வரலாற்றிலிருந்து உருவாயிற்று என்பதைச் சுருக்கமாகக் காண்பது தேவையாகிறது.

1. கீழ்ப்பாக்கம் முதல் ஏர்வாடி வரை

சென்னையில் மனநோயாளர் காப்பகம் 1794இல் தோன்றியது. 1871இல் அது கீழ்ப்பாக்கத்திற்கு மாறியது. 1922இல் அரசு மனநல மருத்துவமனை என்னும் பெயரைப் பெற்றது. இன்று மனநலக் கழகமாக விளங்கும் அவ்வளாகம் 1,800 படுக்கைகள் கொண்டது. ஊரின் பெயரே வசைச்சொல்லாக வழங்கும் அளவுக்குக் கீழ்ப்பாக்கம் மக்கள் மனத்தில் பதிந்தது. மனநோய் என்றால் மதிலுக்குள் அடைப்பது என்ற பொருள் அச்சொல் வழக்கில் உறைந்திருக்கிறது.

அம்மருத்துவமனையின் கண்காணிப்பாளராக 1961 முதல் 1978 வரை பணியாற்றியவர் மருத்துவர் மா. சாரதா மேனன். இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் என அறியப்படும் அவர், ஓய்வுக்குப் பின் 1984இல் மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கினார். அது ஸ்கார்ஃப் எனப் பரவலாக அறியப்படுகிறது. பெரிய மருத்துவமனையை நடத்திய ஒருவர் மதிலுக்கு வெளியே நிறுவனம் அமைத்தது, மருத்துவமனையால் மட்டும் இந்நோயை எதிர்கொள்ள இயலாது என்ற பட்டறிவின் விளைவு எனலாம். 1993இல் வந்தனா கோபிகுமார், வைஷ்ணவி ஜெயக்குமார் ஆகியோர் சென்னையில் தொடங்கிய பேன்யன், வீடற்றுத் தெருவில் திரியும் மனநோயுற்ற பெண்களுக்கான பணியை மேற்கொண்டது.

வளர்ச்சிக் குறைபாட்டுத் துறையிலும் இதே காலத்தில் மாற்றம் நிகழ்ந்தது. 1981இல் எஸ். ராமகிருஷ்ணன் இன்றைய தென்காசி மாவட்டத்து ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தை நிறுவினார். 1985இல் சென்னையில் தொடங்கி, பின்னர் வித்யா சாகர் எனப் பெயர் பெற்ற நிறுவனம் மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகளிடையே பணியாற்றியது. 1989இல் மதுரம் நாராயணன் மையம், அறிவுசார் குறைபாடுடைய இளங்குழந்தைகளுக்கான பயிற்சியைச் சென்னையில் தொடங்கியது.

அரசு 1982இல் தேசிய மனநலத் திட்டத்தை அறிவித்தது. 1996இல் மாவட்ட மனநலத் திட்டம் நாட்டின் நான்கு மாவட்டங்களில் தொடங்கியபோது, அவற்றுள் ஒன்றாகத் திருச்சிராப்பள்ளி இருந்தது. எனினும் 2001 ஆகஸ்ட் 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் மனநோயாளர் விடுதி ஒன்று தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தோர் தப்ப வழியின்றி மாண்டனர். இறந்தோர் எண்ணிக்கை முதலில் 25 எனக் கூறப்பட்டு, பின்னர் 28 ஆயிற்று. உச்ச நீதிமன்றம் தானே முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது.

ஏர்வாடி உணர்த்தியது விடுதியின் குற்றத்தை மட்டுமன்று. அங்கு உறவினரைக் கொண்டுவந்து விட்ட குடும்பங்களுக்குத் தம் ஊரில் வேறு வழி இருக்கவில்லை. தர்காவும் குணசீலம் போன்ற திருத்தலங்களும் மக்களை ஈர்த்தமைக்கு நம்பிக்கை ஒரு காரணம். அங்குச் சென்றால் தங்க இடமும், கேட்பதற்கு ஒருவரும் உண்டு என்பது மற்றொரு காரணம். சமூகம்சார் சேவை நிரப்ப வேண்டிய இடம் இதுவே.

2. சொல்லும் சட்டமும் பிரித்தவை

தமிழில் இத்துறையின் சொற்கள் நெடுங்காலம் தெளிவற்றிருந்தன. சித்த மருத்துவம் மனநோயைக் கிரிகை என வழங்கும். பேச்சுவழக்கில் பித்து, பைத்தியம் என்பன எல்லா நிலைகளையும் குறித்தன. பிற்கால ஆவணங்களில் ‘மனநலம் குன்றியோர்’, ‘மனவளர்ச்சி குன்றியோர்’ என இரு தொடர்கள் வந்தன. ஒரு சொல்லே வேறுபடுவதால் செய்தித்தாள்களும் விண்ணப்பப் படிவங்களும் ஒன்றன் இடத்தில் மற்றதைப் பயன்படுத்துகின்றன. முன்னது பெரும்பாலும் இளமையிலோ அதன்பின்னரோ தோன்றி, தணிந்தும் மீண்டும் வரக்கூடிய நோய். பின்னது குழந்தைப் பருவத்திலிருந்தே தொடரும் வளர்ச்சி நிலை. முன்னதற்கு மருந்து முதன்மை. பின்னதற்குப் பயிற்சி முதன்மை. சொற்குழப்பத்தால் மருந்து வேண்டியவர் சிறப்புப் பள்ளிக்கும், பயிற்சி வேண்டிய குழந்தை மனநல மருத்துவரிடமும் அனுப்பப்படும் நிலை நேர்கிறது. இன்று வழங்கும் ‘அறிவுசார் குறைபாடு’ என்னும் தொடர் இக்குழப்பத்தைக் குறைக்கிறது. 2010இல் தமிழ்நாடு அரசு ஏற்ற ‘மாற்றுத்திறனாளி’ என்னும் சொல் மதிப்பைக் கூட்டியது. ஆயினும் அச்சொல்லைக் கேட்டதும் மக்கள் எண்ணுவது பெரும்பாலும் உடற்குறையையே.

சொல் குழப்பிய இரண்டையும் சட்டம் கூர்மையாகப் பிரித்தது. 2018 மே 29 முதல் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, மனநோய் என்பதன் வரையறையிலிருந்து அறிவுசார் குறைபாட்டை விலக்குகிறது. மறுபுறம், தேசிய அறக்கட்டளைச் சட்டம், 1999, ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்கிற்கு மட்டுமே உரியது; மனநோய் அதில் இல்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016, 21 வகை நிலைகளைப் பட்டியலிட்டு இரண்டையும் ஒரு கூரையின்கீழ்க் கொணர்ந்தது. ஆயினும் சான்றிதழ் வழங்கும் முறையில் வேறுபாடு நீடிக்கிறது. அறிவுசார் குறைபாடு நுண்ணறிவுச் சோதனையையும் தகவமைப்புத் திறனையும் கொண்டு மதிப்பிடப்படுகிறது. மனநோயால் வரும் இயலாமைக்குத் தன்பராமரிப்பு, உறவாடல், தொடர்பாடல், வேலை ஆகியவற்றை அளக்கும் தனி அளவை உண்டு. மனநோய் ஏறியிறங்கும் இயல்புடையது; ஆகவே தற்காலிகச் சான்றிதழ் பெற்றவர் அதனைப் புதுப்பிக்க மீண்டும் அலைய நேர்கிறது.

தெருவில் இப்பிரிவு இவ்வளவு தெளிவாக இல்லை. அறிவுசார் குறைபாடுடைய இளைஞருக்கு மனநோயும் வரலாம். மூளை முடக்குவாதமுள்ள குழந்தைக்கு வலிப்பு நோய் இருக்கலாம். அதன் தாய் மனச்சோர்வில் வாடலாம். ஒரே வீட்டின் வாசலில் இரு துறைகளும் சந்திக்கின்றன. அங்கு நிற்பவர் பெரும்பாலும் தொண்டு நிறுவனத்தின் களப்பணியாளர்.

3. மனச்சிதைவு நோயரின் ஓராண்டு

களப்பணியாளரின் ஓராண்டுப் பணியைத் துல்லியமாக வரையறுத்துச் சோதித்த ஆய்வு ஒன்று தமிழ்நாட்டின் ஊரகப் பகுதி, கோவா, மகாராஷ்டிரத்தின் சதாரா ஆகிய மூன்று இடங்களில் நடந்தது. அதன் முடிவுகள் 2014இல் லான்செட் இதழில் வெளிவந்தன. மனச்சிதைவு நோயுற்ற 282 பேர் அதில் பங்கேற்றனர். 187 பேருக்கு மருத்துவ நிலையச் சிகிச்சையுடன் களப்பணியாளரின் வீட்டுச் சேவையும் கிடைத்தது. 95 பேருக்கு மருத்துவ நிலையச் சிகிச்சை மட்டுமே கிடைத்தது. பணியாளர்கள் மருத்துவர்களோ செவிலியர்களோ அல்லர். உள்ளூரிலிருந்து தெரிந்தெடுத்துப் பயிற்றுவிக்கப்பட்டோர்.

ஓராண்டு மூன்று கட்டங்களாகப் பகுக்கப்பட்டது. முதற்கட்டத்தில் வீட்டிற்கு அடிக்கடி செல்லுதல் முதன்மை. நோயரைவிடக் குடும்பத்தின் நம்பிக்கையைப் பெறுவதே இங்குக் கடினம். இது செய்வினையன்று, நோய்; மருந்தால் தணியக்கூடியது; திடீரென நிறுத்தினால் மீளக்கூடியது என்பவை விளக்கப்படுகின்றன. இரண்டாம் கட்டம் நிலைப்படுத்தல். குளித்தல், உரிய நேரத்தில் உண்ணுதல், கடைக்குச் சென்று வருதல், ஆடுமாடு பார்த்தல் போன்ற அன்றாடச் செயல்களை ஒவ்வொன்றாக மீட்டெடுக்கின்றனர். மூன்றாம் கட்டத்தில் வருகை குறைகிறது. வேலை, உதவித்தொகை, சங்கத் தொடர்பு ஆகியவற்றின் வழி நோயரும் குடும்பமும் தாமே நடக்கப் பழகுகின்றனர்.

ஓராண்டின் முடிவில் வீட்டுச் சேவை பெற்றோரின் நோய்க்குறிகளும் இயலாமையும் மற்றவரைவிடக் குறைந்திருந்தன. இவ்வேறுபாடு மிதமானதே. நோய்க்குறிகள் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தோரின் விகிதத்தில் இரு பிரிவினருக்குமிடையே வேறுபாடு காணப்படவில்லை. ஆனால் தமிழ்நாட்டின் ஊரகப் பகுதியில் மட்டும் பயன் தெளிவாக மிகுந்திருந்தது. மருத்துவ வசதி அரிதான இடத்தில் வாசலுக்கு வரும் ஒருவரின் மதிப்பு கூடுதல் என்று இதனைப் பொருள்கொள்ளலாம்.

மிதமான பயன் என்பதைத் தோல்வியாகக் கருதலாகாது. முதன்முறை நோயுற்ற 90 பேரை 1980களின் தொடக்கத்திலிருந்து இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பின்தொடர்ந்த சென்னை நெடுங்கால ஆய்வு, இந்நோயின் போக்கு ஒரே சீரானதன்று எனக் காட்டியது. இடைவிடாது நோயிலேயே இருந்தோர் சிலரே. பலருக்கு நோய் தணிவதும் மீள்வதுமாக இருந்தது. அத்தகைய நோய்க்கு ஓராண்டின் முடிவில் கிடைப்பது இடைக்கால நிலையே. நோய் மீளும் நாளில் பழக்கமான ஒருவர் அருகில் இருக்கிறாரா என்பதே அடுத்த இருபது ஆண்டுகளைத் தீர்மானிக்கும்.

தொலைவைக் கடக்கும் முயற்சிகளும் இவ்வடிப்படையிலேயே அமைந்தன. 2010இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஸ்கார்ஃப் தொடங்கிய பேருந்துவழித் தொலை மனநல மருத்துவத்தில், பேருந்துக்குள் அமர்ந்த நோயர் சென்னையிலுள்ள மருத்துவருடன் திரைவழி உரையாடினார். மருந்தும் பேருந்திலேயே வழங்கப்பட்டது. மருத்துவர் திரையில் மாறினாலும், ஊருக்குள் சென்று இன்று பேருந்து வருகிறது என்று அழைத்துவரும் பணியாளர் மாறாமல் இருப்பது இம்முறைக்கு இன்றியமையாதது.

4. குழந்தையின் ஓராண்டு

வளர்ச்சிக் குறைபாட்டில் காலக்கணக்கு வேறு. பிறப்பு முதல் ஆறு வயது வரையுள்ள பருவத்தில் மூளை விரைந்து வளர்வதால், அப்போது இழக்கும் ஓராண்டைப் பின்னர் ஈடுசெய்வது அரிது. ஆனால் குழந்தை தலை நிற்காததையும் பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாததையும் காணும் பெற்றோரிடம், சில குழந்தைகள் தாமதமாகத்தான் பேசும் என்று சுற்றத்தார் ஆறுதல் கூறுவர். கனிவான இச்சொல்லால் குழந்தைகள் இழக்கும் காலம் மிகுதி.

மதுரம் நாராயணன் மையம் உருவாக்கிய உபநயன் முறை, இயக்கம், தன்பராமரிப்பு, மொழி, அறிதல், சமூக உறவு என்னும் ஐந்து களங்களில் குழந்தையின் திறன்களை வரிசைப்படுத்துகிறது. குழந்தை அடைந்த படியும் அடுத்த படியும் குறிக்கப்பட்டு, அதற்கான பயிற்சி தாய்க்குக் கற்பிக்கப்படுகிறது. அமர் சேவா சங்கம் தன் ஊரகப் பணியில் கைப்பேசிச் செயலி ஒன்றைப் பயன்படுத்துகிறது. சமூக மறுவாழ்வுப் பணியாளர் வீட்டில் குழந்தையை மதிப்பிட்டுப் பதிவுசெய்கிறார். இயன்முறை மருத்துவரும் சிறப்புக் கல்வியாளரும் அதனைக் கண்டு திட்டம் வகுக்கின்றனர். வல்லுநர் ஊருக்கு வர இயலாத நாட்களிலும் அவரது வழிகாட்டுதல் வீட்டை அடைகிறது.

இங்கு ஓராண்டின் பயன் சிறு படிகளாகவே தென்படும். தானாக உட்காருதல், கரண்டி பிடித்தல், கழிப்பறை செல்ல வேண்டும் என்று சைகை காட்டுதல் ஆகியவை ஆண்டறிக்கையில் ஒரு வரியாகவும் வருவதில்லை. ஆனால் கழிப்பறைப் பழக்கம் வந்த குழந்தையை அங்கன்வாடியும் பள்ளியும் ஏற்பது எளிது. குழந்தை பள்ளி செல்லும் நேரத்தில் தாய் வேலைக்குச் செல்ல முடிகிறது. ஒரு சிறு படி குடும்பத்தின் வருவாயை மாற்றுகிறது. பிறப்பு முதல் 18 வயது வரை குழந்தைகளைப் பரிசோதிக்கும் தேசியத் திட்டம் 2013இல் தொடங்கி, மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் அமைந்தபின் கண்டறிதல் கூடியது. கண்டறிந்த பின் வாரந்தோறும் பயிற்சி தருவது யார் என்ற வினாவுக்கு விடையாகப் பல இடங்களில் தொண்டு நிறுவனங்களே நிற்கின்றன.

5. தமக்குப் பின் யார்

இரு துறைகளும் ஒரே அச்சத்தில் முடிகின்றன. பெற்றோர் முதுமை அடையும்போது, தமக்குப் பின் இவரைப் பார்ப்பவர் யார் என்ற கேள்வி எழுகிறது. தமிழ்நாட்டின் சமூகப் பராமரிப்பு முழுவதும் குடும்பத்தையே தூணாகக் கொண்டது. அத்தூணிலும் சுமை சமமாகப் பகிரப்படுவதில்லை. மனநோயுற்ற கணவரை மனைவி பேணுவது இயல்பாகக் கருதப்படுகிறது. மனநோயுற்ற மனைவி பிறந்த வீட்டுக்கு அனுப்பப்படுவதும் அவ்வாறே கருதப்படுகிறது. மணமுறிவுக்கு ஆளான பெண் நோயரை இறுதிவரை தாங்குவோர் வயதான பெற்றோரே என்பதை ஸ்கார்ஃப் ஆய்வாளர்களின் பணிகள் எடுத்துக்காட்டியுள்ளன.

தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, 18 வயது கடந்தவருக்குச் சட்டப்பூர்வப் பாதுகாவலரை நியமிக்க உள்ளூர்க் குழு உண்டு. மாவட்ட ஆட்சியர் நிலை அலுவலர், பதிவுபெற்ற நிறுவனத்தின் பிரதிநிதி, மாற்றுத்திறனாளி ஒருவர் ஆகியோர் அதில் இடம்பெறுவர். தொண்டு நிறுவனத்துக்குச் சட்டமே இருக்கை அளித்த அரிய இடம் இது. மனநோயருக்கு இத்தகைய குழு இல்லை. 2017ஆம் ஆண்டுச் சட்டம் அவர் தமக்கெனப் பிரதிநிதியை நியமித்துக்கொள்ள வழிசெய்கிறது. ஆனால் அப்பிரதிநிதியின் பணி சிகிச்சைசார் முடிவுகளைச் சுற்றியே அமைகிறது.

அதே சட்டத்தின் 19ஆம் பிரிவு, குடும்பம் இல்லை, குடும்பம் ஏற்கவில்லை, வீடில்லை, ஊரில் சேவை இல்லை என்ற காரணங்களுக்காக மட்டும் ஒருவரை மனநல நிலையத்தில் தொடர்ந்து வைத்திருக்கலாகாது என்கிறது. இவ்வுரிமையைச் செயலாக்கிய முயற்சிகளுள் பேன்யன் நடத்தும் ‘ஹோம் அகைன்’ குறிப்பிடத்தக்கது. பல ஆண்டுகள் நிலையங்களில் வாழ்ந்தோர் நான்கைந்து பேராகச் சேர்ந்து, ஊர்த்தெருவிலுள்ள வாடகை வீட்டில் வாழ்கின்றனர். உதவியாளர் ஒருவர் துணைநிற்கிறார். அவர்கள் சமைக்கின்றனர், சந்தைக்குச் செல்கின்றனர், அண்டை வீட்டாருடன் பூசலும் நட்பும் கொள்கின்றனர். குடும்பம் இல்லாதவருக்கு நிலையம் என்ற பழைய விடைக்கு மாற்றாக, குடும்பம் இல்லாதவருக்கும் வீடு என்ற விடையை இது முன்வைக்கிறது.

6. நிதியாண்டின் நெருக்கடி

இப்பணிகளின் பெருஞ்செலவு மனிதருக்கானது: களப்பணியாளரின் ஊதியமும் பயணமும். நிறுமச் சட்டம், 2013, வரையறைக்குட்பட்ட நிறுமங்கள் முந்தைய மூன்றாண்டுச் சராசரி இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிடப் பணித்தது. இது புதிய வருவாய் வழியைத் திறந்தது. ஆனால் கட்டடத்துக்கும் வாகனத்துக்கும் பெயர்ப்பலகை வைக்கலாம். எழுபதாவது முறை ஒரு வீட்டின் கதவைத் தட்டியதற்குப் பெயர்ப்பலகை இல்லை. அயல்நாட்டு நிதி ஒழுங்குமுறைச் சட்டத்தின் 2020ஆம் ஆண்டுத் திருத்தம் நிருவாகச் செலவின் வரம்பை 50 விழுக்காட்டிலிருந்து 20ஆகக் குறைத்தது. பெற்ற நிதியை வேறு நிறுவனத்துக்கு மாற்றுவதையும் தடுத்தது. நகரத்துப் பெரிய நிறுவனத்தின் வழி நிதி பெற்று வந்த சிற்றூர் அமைப்புகளுக்கு அவ்வழி அடைபட்டது.

நிதி நின்றால் முதலில் விலகுவோர் ஒப்பந்தக் களப்பணியாளர்கள். அவர்களுடன் விலகுவது ஓர் ஊரின் நினைவு: எந்த வீட்டில் மருந்தை மறைப்பார்கள், எந்தத் தாயிடம் மாலையில் பேசினால் மனம் திறப்பார், யாருக்கு எம்மாதத்தில் நோய் மீளும் என்பன எந்தப் பதிவேட்டிலும் முழுமையாக இராதவை. 2015-16இல் நடந்த தேசிய மனநலக் கணக்கெடுப்பு, வெவ்வேறு மனநலக் கோளாறுகளில் 70 முதல் 92 விழுக்காட்டினர் வரை சிகிச்சை பெறவில்லை எனக் கண்டது. சிகிச்சையைத் தொடங்காதோர் மட்டுமன்றி, தொடங்கி இடையில் அறுபட்டோரும் இத்தகைய இடைவெளியை வளர்க்கின்றனர்.

அரசின் அண்மைக்கால முயற்சிகள் இச்சுமையைப் பகிரத் தொடங்கியுள்ளன. 14416 என்னும் எண்ணில் தொலைபேசி மனநல ஆலோசனை கிடைக்கிறது. உலக வங்கியின் உதவியுடன் நடக்கும் தமிழ்நாடு உரிமைகள் திட்டத்தின்கீழ் ‘விழுதுகள்’ என்னும் ஒருங்கிணைந்த சேவை மையங்கள் அமைகின்றன. 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் வீட்டிலேயே மருந்து வழங்க இயலும் என்று மெய்ப்பித்தது. நெடுநாள் மருந்து தேவைப்படும் மனநோய்க்கும் அதே வழி பொருந்தாமைக்குக் கொள்கையளவில் காரணம் ஏதுமில்லை.

முடிவுரை

மேற்கண்ட விளக்கத்திலிருந்து சில கருத்துகள் பெறப்படுகின்றன. மனநோயும் வளர்ச்சிக் குறைபாடும் இயல்பில் வேறானவை. சொல்லிலும் சிகிச்சையிலும் அவற்றைப் பிரித்தறிதல் வேண்டும். ஆயினும் வீட்டளவில் அவை ஒன்றையொன்று தொடுவதால், களப்பணியாளர் இரண்டிலும் அடிப்படைப் பயிற்சி பெறுதல் பயன்தரும். நோயருக்கு ஓராண்டு என்பது தொடக்கம். குழந்தைக்கு அது மீட்க இயலாத பருவம். ஆகவே இரண்டையும் ஒரே எண்ணிக்கையால் அளப்பது பொருந்தாது.

ஆண்டறிக்கை கேட்க வேண்டிய கேள்விகளும் இதனால் மாறுகின்றன. ஆண்டின் தொடக்கத்தில் சேவையில் இருந்தோருள் ஆண்டிறுதியிலும் தொடர்பில் இருப்போர் எத்தனை பேர்? மருந்து தடைபட்டோரை எத்தனை நாட்களுக்குள் சென்று கண்டனர்? பணியாளர் விலகியபோது அவர் பார்த்துவந்த வீடுகள் யாரிடம் ஒப்படைக்கப்பட்டன? பெற்றோர் மறைந்தபின் எத்தனை பேர் ஊரிலேயே வாழ்கின்றனர்? இக்கேள்விகளுக்கு விடை தரும் அறிக்கையில் எண்கள் சிறியனவாக இருக்கக்கூடும். ஆனால் ஏர்வாடிக்கு அனுப்பப்படாமல் தம் வீட்டில் இருப்போரை அவ்வெண்களே காட்டும். நிதி வழங்குவோரும் அரசும் அவற்றை ஏற்கும்போதுதான், ஓராண்டுக் கணக்கு வாழ்நாள் பணிக்குத் துணைநிற்கும்.